பழைய பிரிண்டருக்கும் புதிய கணினிக்கும் நடுவே ஒரு யுஎஸ்பி கேபிள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்துவருகிறோம். பில் போடுவதற்குப் பல ஆண்டுகளாக ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைப் பயன்படுத்துகிறோம். பழைய கணினி பழுதானதால் விண்டோஸ் 11 உள்ள புதிய கணினி வாங்கினோம். அதில் பழைய பிரிண்டர்களைச் செருகும் அகன்ற பேரலல் போர்ட் இல்லை. கடைக்காரர் சொன்னபடி யுஎஸ்பி – பேரலல் கேபிள் ஒன்றை வாங்கிச் செருகினோம். ஆனால் கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், பேரலல் போர்ட்டுக்கு விண்டோஸ் தரும் பெயரான எல்பிடி1 என்று எதுவும் தோன்றவில்லை. பிரிண்டர் அமைப்பில் எல்பிடி1-ஐத் தேர்ந்தெடுத்து அச்சுக்கு அனுப்பினால், பில் வரிசையிலேயே நின்றுவிடுகிறது. பழுது கேபிளிலா, பிரிண்டரிலா?
– ஈரோடு வாசகர்

பதில்: பெரும்பாலும் இரண்டுமே நல்ல நிலையில்தான் இருக்கும். அந்தக் கேபிள் உங்கள் கணினிக்கு ஒரு பேரலல் போர்ட்டைச் சேர்த்துத் தரும் என்று எதிர்பார்க்கிறீர்கள். விற்பவர்களும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். அது செய்யும் வேலை வேறு. கேபிளின் தடித்த முனைக்குள் இருக்கும் சிப், கணினியிடம் தன்னை ஒரு யுஎஸ்பி பிரிண்டர் என்றே அறிவித்துக்கொள்கிறது. பிறகு, கணினி அனுப்பும் தரவை வாங்கி, எட்டுக் கம்பிகளில் ஒரு நேரத்துக்கு ஒரு பைட்டாக வைத்து, ஸ்ட்ரோப் எனப்படும் குறிப்புத் துடிப்பைக் கொடுத்து, பிரிண்டர் ‘பிஸி’ கம்பியை உயர்த்தும்போது காத்திருந்து, அது மீண்டும் தயாரானதும் அடுத்த பைட்டை அனுப்புகிறது. 1970-இல் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் தன் பிரிண்டருக்காக வகுத்த இந்த ஒழுங்கைத்தான் 1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசியும் பின்பற்றியது. 1994-இல் அது ஐட்ரிபிள்ஈ 1284 என்ற தரமாக எழுதி வைக்கப்பட்டது. பிரிண்டர் பக்கத்தில் கேபிள் இந்த ஒழுங்கை அப்படியே கடைப்பிடிப்பதால் உங்கள் பிரிண்டருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. கணினிப் பக்கத்தில் ஒரு யுஎஸ்பி பிரிண்டர் வந்து சேர்ந்ததாகவே விண்டோஸ் பதிவுசெய்வதால், எல்பிடி1 உருவாவதில்லை. யுஎஸ்பி001 என்ற போர்ட்தான் உருவாகிறது.

அப்படியானால் பிரிண்டர் அமைப்பின் போர்ட் பட்டியலில் எல்பிடி1, எல்பிடி2, எல்பிடி3 என்று மூன்றும் ஏன் தெரிகின்றன என்று நீங்கள் கேட்கலாம். பேரலல் போர்ட்டே இல்லாத கணினியிலும் விண்டோஸ் அந்த மூன்று பெயர்களையும் பட்டியலில் வைத்திருக்கிறது. அவற்றுக்குப் பின்னால் வன்பொருள் எதுவும் இல்லாததால், அங்கே அனுப்பப்பட்ட உங்கள் பில்லுக்குப் போய்ச் சேர இடமில்லை.

முதலில் கேபிளுடன் வந்த குறுந்தட்டை ஒதுக்கி வையுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ் 98 காலத்துக்குத் தேவைப்பட்ட டிரைவர், அதாவது கருவியைக் கணினி இயக்க உதவும் மென்பொருள். அதற்குப் பின் வந்த விண்டோஸ் பதிப்புகளில் இந்த வகைக் கேபிளுக்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. பிரிண்டரையும் கணினியையும் அணைத்துவிட்டுப் பெரிய முனையைப் பிரிண்டரில் பொருத்தி, இரு பக்கக் கம்பிக் கொக்கிகளையும் மாட்டுங்கள். அந்த முனையை மின்சாரம் இருக்கும்போது செருகுவதோ பிடுங்குவதோ கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் செருகும் வசதி யுஎஸ்பி முனைக்கு மட்டுமே உண்டு. பிறகு பிரிண்டரை இயக்கி, கணினியையும் இயக்கி, யுஎஸ்பி முனையைச் செருகுங்கள். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி கன்ட்ரோலர்கள் பகுதியில் ‘யுஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்’ என்ற வரி தோன்றினால், கேபிளைக் கணினி அடையாளம் கண்டுவிட்டது என்று பொருள். சில கேபிள்களில் இதன் கூடவே ‘நோ பிரிண்டர் அட்டாச்டு’ என்றும் ஒரு வரி வரும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். தன் பெயரையும் மாடலையும் கணினிக்குத் திருப்பிச் சொல்லும் வசதி பழைய பிரிண்டர்கள் பலவற்றில் இல்லை. அதனால்தான் இந்த வரி வருகிறது. அச்சிடுவதற்கு அது தடையாகாது.

பிரிண்டர் தன் பெயரைச் சொல்லாததால் விண்டோஸ் அதைத் தானாகச் சேர்க்காது; நீங்கள்தான் சேர்க்க வேண்டும். செட்டிங்ஸில் பிரிண்டர் பகுதிக்குச் சென்று புதிய பிரிண்டரைச் சேர்க்கும் பொத்தானை அழுத்திச் சற்றுக் காத்திருந்தால், தேடும் பிரிண்டர் பட்டியலில் இல்லையெனில் கைமுறையாகச் சேர்க்கலாம் என்ற இணைப்பு வரும். அதைத் திறந்து, லோக்கல் பிரிண்டரைக் கைமுறை அமைப்புகளுடன் சேர்க்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த திரையில், ஏற்கெனவே உள்ள போர்ட் என்பதன் கீழே விரியும் பட்டியலில் ‘யுஎஸ்பி001’ இருக்கும். அதன் அருகில் ‘வர்ச்சுவல் பிரிண்டர் போர்ட் ஃபார் யுஎஸ்பி’ என்று எழுதியிருக்கும். இதுதான் உங்கள் கேபிள். நீங்கள் ஏற்கெனவே பிரிண்டரைச் சேர்த்து வைத்திருந்தால், புதிதாகச் சேர்க்காமல், அதன் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பக்கத்துக்குச் சென்று எல்பிடி1-க்குப் பதிலாக யுஎஸ்பி001-இல் குறியிட்டாலே போதும்.

அடுத்து டிரைவர். இதை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே உங்கள் பில்லின் தோற்றம் அமையும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ‘ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி’ என்ற டிரைவர் எல்லா விண்டோஸிலும் இருக்கிறது. அது எழுத்துகளின் குறியீட்டை மட்டும் அனுப்புவதால், பிரிண்டர் தன்னிடம் உள்ள எழுத்துருவைக் கொண்டு விரைவாக அடிக்கும். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே கொண்ட பில்லுக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் தமிழ் எழுத்துகள் பிரிண்டரின் நினைவகத்தில் இல்லாததால், கடையின் பெயரையோ சரக்கின் பெயரையோ தமிழில் அச்சிட விரும்பினால் இந்த டிரைவர் பயன்படாது. தமிழ் எழுத்தைப் படமாக மாற்றிப் புள்ளி புள்ளியாக அனுப்பக்கூடிய, உங்கள் பிரிண்டர் மாடலுக்குரிய டிரைவர் தேவை. அதைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பெறலாம். இல்லையேல் டிரைவர் பட்டியலில் ‘விண்டோஸ் அப்டேட்’ பொத்தானை அழுத்திக் காத்திருந்தால் பட்டியல் நீளும், அதில் தேடலாம். மாடல் கிடைக்காவிட்டால் பிரிண்டரின் கையேட்டைப் பாருங்கள். அச்சுத் தலையில் 9 ஊசி உள்ள பிரிண்டர்கள் பலவும் எப்சனின் ஈஎஸ்சி/பி கட்டளைகளைப் புரிந்துகொள்பவை என்பதால், எப்சன் 9 ஊசி டிரைவர் ஒன்றே பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். படமாக அடிக்கும்போது வேகம் வெகுவாகக் குறையும். எனவே தலைப்பை அச்சகத்தில் முன்கூட்டியே அச்சடித்த தொடர் தாளில் வைத்துக்கொண்டு, மாறும் விவரங்களை மட்டும் டெக்ஸ்ட் ஒன்லியில் அடிப்பதே, கூட்டம் நிற்கும் கடைக்கு நல்லது என்பது என் கருத்து.

இதற்குப் பிறகும் தாள் நகரவில்லையென்றால், அதே போர்ட்ஸ் பக்கத்தின் அடியில் உள்ள ‘எனேபிள் பைடைரக்ஷனல் சப்போர்ட்’ என்ற குறியை எடுத்துவிடுங்கள். பதில் சொல்லத் தெரியாத பிரிண்டரிடம் பதிலுக்காகக் கணினி காத்திருப்பதை அது தவிர்க்கும். பிரிண்டரையும் தனியே சோதிக்கலாம்: கேபிளைக் கழற்றிவிட்டு, எல்எஃப்/எஃப்எஃப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பிரிண்டரை இயக்கினால் பல மாடல்கள் தாமாகவே ஒரு சோதனைப் பக்கத்தை அடிக்கும். அது சரியாக வந்து, டிவைஸ் மேனேஜரில் மட்டும் எந்த வரியும் தோன்றாமல் இருந்தால், அப்போது கேபிளைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: மதுரையில் மருந்து மொத்த விற்பனைக் கடை வைத்திருக்கிறேன். இதே வகைக் கேபிள் பல மாதங்களாக ஒழுங்காக வேலை செய்தது. மேசையைத் துடைப்பதற்காக எல்லாவற்றையும் கழற்றி மீண்டும் மாட்டியதிலிருந்து பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. சில கணினிகளில் அதே பிரிண்டர் ‘காப்பி 1’ என்று இரண்டாவது முறையும் தோன்றுகிறதே, ஏன்?
– மதுரை வாசகர்

பதில்: கேபிளை முன்பிருந்த யுஎஸ்பி துளையில் செருகாமல் வேறு துளையில் செருகியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான இரண்டு யுஎஸ்பி கருவிகளை வேறுபடுத்தி அறிய விண்டோஸ் அவற்றின் வரிசை எண்ணைப் பார்க்கிறது. இத்தகைய மலிவான கேபிள்கள் பலவற்றில் வரிசை எண் இருப்பதில்லை; ஆகவே துளை மாறினால் புதிய கருவி வந்துவிட்டது என்று கருதி, விண்டோஸ் யுஎஸ்பி002 என்ற புதிய போர்ட்டை உருவாக்குகிறது; சில கணினிகளில் அதனுடன் ‘காப்பி 1’ என்று பிரிண்டரையும் மறுபடி சேர்த்துவிடுகிறது. உங்கள் பிரிண்டர் அமைப்போ இன்னும் யுஎஸ்பி001-ஐப் பார்த்துக் காத்திருக்கிறது. பழைய துளைக்கே கேபிளை மாற்றினால் உடனே சரியாகும்; எது பழைய துளை என்று நினைவில்லையென்றால் போர்ட்ஸ் பக்கத்தில் யுஎஸ்பி002-ஐக் குறியுங்கள். சரியான துளைக்கு அருகில் ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டி வைப்பது, கடையில் யார் கழற்றி மாட்டினாலும் குழப்பம் வராமல் காக்கும்.

கேள்வி: நாமக்கல்லில் லாரி புக்கிங் அலுவலகம் நடத்துகிறோம். எங்கள் புக்கிங் ரசீது பழைய டாஸ் மென்பொருளில் தயாராகிறது. அது எல்பிடி1-க்கு மட்டுமே அச்சு அனுப்பும். கணினியில் 32 பிட் விண்டோஸ் 10 இருக்கிறது. நோட்பேடிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் யுஎஸ்பி கேபிள் வழியாகச் சரியாக வருகிறது; எங்கள் மென்பொருளிலிருந்து வருவதில்லை. மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் இப்போது தொழிலில் இல்லை. என்ன செய்யலாம்?
– நாமக்கல் வாசகர்

பதில்: நோட்பேடிலிருந்து அச்சு வருகிறது என்று தெளிவாக எழுதியிருப்பதால், உங்கள் பிரிண்டரும் கேபிளும் டிரைவரும் சரியாக இருப்பது உறுதியாகிறது. டாஸ் மென்பொருளுக்கு யுஎஸ்பி001 என்ற பெயரே தெரியாது என்பதுதான் சிக்கல். எல்பிடி1 என்ற பெயருக்கு வருவதை எல்லாம் உங்கள் பிரிண்டருக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு விண்டோஸிலேயே இருக்கிறது. அதற்காகத் தனி மென்பொருள் எதையும் வாங்க வேண்டியதில்லை.

பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் ஷேரிங் பக்கத்துக்குச் சென்று பிரிண்டரைப் பகிருங்கள். பகிர்வுப் பெயராக இடைவெளி இல்லாத ஒரு சிறிய பெயரை, எடுத்துக்காட்டாக டாட் என்று கொடுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, கீழ்க்கண்ட கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். கணினிப்பெயர் என்ற இடத்தில் உங்கள் கணினியின் பெயரை இடுங்கள்:

நெட் யூஸ் எல்பிடி1: \\கணினிப்பெயர்\டாட் /பெர்சிஸ்டென்ட்:யெஸ்

கமாண்ட் பிராம்ப்ட்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறக்காமல் சாதாரணமாகத் திறப்பது முக்கியம். நிர்வாகி உரிமையில் செய்த திருப்பம், சாதாரண உரிமையில் ஓடும் உங்கள் மென்பொருளின் கண்ணுக்குத் தெரியாது; கட்டளை வெற்றி என்று சொல்லியும் அச்சு வராமல் பலர் தடுமாறுவது இதனால்தான். ‘நெட் யூஸ்’ என்று மட்டும் தட்டினால், திருப்பம் நிலைத்திருக்கிறதா என்பதைப் பார்க்கலாம். கணினியின் மதர்போர்டில் உண்மையான எல்பிடி1 இருந்தால் இந்தத் திருப்பத்துக்கு அது இடைஞ்சலாக வரக்கூடும். அப்போது டிவைஸ் மேனேஜரில் அதை முடக்கிவிடுங்கள்.

இந்த வழியில் வரும் தரவை விண்டோஸ் மாற்றாமல் அப்படியே பிரிண்டருக்குக் கொடுக்கிறது. எழுத்தை ஒடுக்கவும் தடிமனாக்கவும் உங்கள் மென்பொருள் பழைய நாளில் அனுப்பிய கட்டளைக் குறியீடுகள் இப்போதும் முன்போலவே வேலை செய்யும். ஒரு மாற்றத்தை மட்டும் நீங்கள் உணரலாம். முன்பு ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் அடிக்கும். இப்போது மென்பொருள் போர்ட்டை மூடும்வரை விண்டோஸ் ரசீதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மென்பொருளை விட்டு வெளியேறினால்தான் ரசீதுகள் எல்லாம் மொத்தமாக வருகின்றன என்றால், அது ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் என்ற பழைய நிரல் மொழிகளில் ஒன்றில் எழுதப்பட்டதாக இருக்கலாம். மூல நிரல் கையில் இருந்தால், ஒவ்வொரு ரசீதின் முடிவிலும் ‘செட் பிரிண்டர் டு’ என்ற வரியை எதுவும் சேர்க்காமல் தனியாக எழுதச் சொல்லுங்கள். அது போர்ட்டை மூடி, ரசீதை உடனே வெளியேற்றும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 16 பிட் டாஸ் மென்பொருளை நேரடியாக ஓட்டும் வசதி 32 பிட் விண்டோஸில் மட்டுமே உண்டு. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பு கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. அந்தக் கணினியை இணையத்திலிருந்து விலக்கி, ரசீது அடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது இன்னும் ஓடும்போதே, விடாஸ் அல்லது டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற, எல்பிடி அச்சை விண்டோஸ் பிரிண்டருக்குக் கொண்டுசெல்லக்கூடிய மென்பொருளை ஒரு புதிய கணினியில் நிறுவி, உங்கள் கோப்புகளின் நகலை வைத்துச் சோதித்துப் பாருங்கள். பழைய கணினி ஒரு நாள் காலையில் எழாமல் போன பிறகு இந்த வேலையைத் தொடங்கினால், புக்கிங்குக்கு வந்த லாரிகள் வாசலில் நிற்கும்.

கேள்வி: கோவையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். மாக்3 மென்பொருளில் ஓடும் சிறிய சிஎன்சி (கணினி இயக்கும்) மில்லிங் இயந்திரத்தைப் பழைய டெஸ்க்டாப்பின் பேரலல் போர்ட்டில் இணைத்திருக்கிறேன். அதை லேப்டாப்புக்கு மாற்ற, 25 துளை முனை கொண்ட யுஎஸ்பி – பேரலல் அடாப்டர் வாங்கினேன். மோட்டார்கள் அசையவே இல்லை. டிரைவர் ஏதாவது நிறுவ வேண்டுமா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: எந்த டிரைவரை நிறுவினாலும் அந்த அடாப்டரைக் கொண்டு உங்கள் இயந்திரத்தை ஓட்ட முடியாது. முனை பொருந்துவதை வைத்து இதை வாங்கி ஏமாறுபவர்கள் பலர் என்பதால் காரணத்தை முழுவதும் எழுதுகிறேன்.

பேரலல் போர்ட்டில் 2 முதல் 9 வரையுள்ள பின்கள் தரவுக்கும், 1, 14, 16, 17 கட்டுப்பாட்டுக்கும், 10, 11, 12, 13, 15 உள்வரும் நிலைக் குறிப்புகளுக்கும் உரியவை. 18 முதல் 25 வரை தரை இணைப்பு. மாக்3 இந்த ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே ஏற்றி இறக்குகிறது: ஒரு கம்பியில் ஸ்டெப் துடிப்பு, இன்னொன்றில் திசை, உள்வரும் கம்பிகளில் எல்லைச் சுவிட்சும் அவசர நிறுத்தமும். கணினியின் 378 என்ற பதினறும எண் முகவரியில் ஒரு பைட்டை எழுதினால், அந்தக் கணமே கம்பிகள் மாறும் என்ற உறுதியின் மேல்தான் அந்த மென்பொருள் கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் அடாப்டருக்கு அப்படி ஒரு முகவரியே இல்லை. அதன் சிப் அச்சுத் தரவை மட்டும் அறிந்தது. ‘பிஸி’யும் ஒப்புகையும் சரியாக வந்தால்தான் ஒரு பைட்டையாவது வெளியே விடும். உங்கள் இயந்திரத்தின் போர்டு அவற்றைத் தருவதில்லை.

கம்பிகளைத் தனித்தனியே இயக்கக்கூடிய சிப் உள்ள அடாப்டர் கிடைத்தாலும் நேரம் ஒத்துவராது. மாக்3 தன் அடிப்படை அமைப்பில் விநாடிக்கு 25,000 தடவை, அதாவது 40 மைக்ரோவிநாடிக்கு ஒரு முறை, போர்ட்டைத் தொடுகிறது. இந்த அடாப்டர்கள் பலவும் பயன்படுத்தும் ஃபுல் ஸ்பீட் யுஎஸ்பியில் தரவு 1 மில்லிவிநாடிக்கு ஒரு சட்டகமாகச் செல்கிறது. ஒரு சட்டகம் வருவதற்குள் 25 தருணங்கள் கடந்துவிடும். ஹை ஸ்பீடில்கூட அந்த இடைவெளி 125 மைக்ரோவிநாடி. துடிப்புகள் சீராக வராவிட்டால் ஸ்டெப்பர் மோட்டார் அடி தவறும். வேலைப்பொருள் கெடும், கட்டர் முறியும், கை அருகில் இருந்தால் அதற்கும் ஆபத்து. ஆகவே வேறு வழிகளில் முயன்று பார்க்கவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

லேப்டாப்தான் வேண்டுமென்றால், துடிப்புகளைத் தானே உருவாக்கும் மோஷன் கன்ட்ரோலர் ஒன்றை வாங்குங்கள். யுசி100 போன்றவை யுஎஸ்பியில் இணைந்து, மாக்3-க்கான தனிச் செருகுநிரலுடன் வருகின்றன. கணினி இயக்கத்தின் திட்டத்தை முன்கூட்டியே அனுப்ப, ஒவ்வொரு துடிப்பின் நேரத்தையும் கன்ட்ரோலரின் சிப் பார்த்துக்கொள்கிறது. டெஸ்க்டாப்பிலேயே தொடர்வதானால், அதன் உள்ளே செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு பொருத்தலாம்; அது உண்மையான போர்ட். அதன் முகவரி 378 ஆக இருக்காது என்பதால், டிவைஸ் மேனேஜரில் ரிசோர்சஸ் பக்கத்தைப் பார்த்து, அங்குள்ள எண்ணை மென்பொருளில் இட வேண்டும். மாக்3-இன் பேரலல் போர்ட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். புதிய டெஸ்க்டாப்பில் கார்டைப் பொருத்துபவர்களுக்கு லினக்ஸ்சிஎன்சி நல்ல மாற்று. அது கட்டணமின்றிக் கிடைக்கிறது.

கேள்வி: சிவகாசியில் அச்சகம் நடத்துகிறோம். எங்கள் பழைய டிடிபி (பக்க வடிவமைப்பு) மென்பொருளுக்கு, உரிமத்தைச் சரிபார்ப்பதற்காகப் பேரலல் போர்ட்டில் செருகும் ஹார்டுவேர் லாக் இருக்கிறது. யுஎஸ்பி கேபிள் வழியாக அது வேலை செய்யுமா?
– சிவகாசி வாசகர்

பதில்: செய்யாது. லாக்கும் மென்பொருளும் பேசிக்கொள்வது, முந்தைய பதிலில் சொன்ன அதே கம்பிகளைத் தனித்தனியே அசைத்துத்தான். பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு சில மென்பொருள்களுக்கு உதவும். 378 முகவரியை மட்டுமே தேடும் மென்பொருளுக்கு அதுவும் உதவாது. விற்ற நிறுவனம் இன்னும் இயங்கினால் யுஎஸ்பி லாக்காக மாற்றித் தரக் கேளுங்கள். இல்லையெனில் பேரலல் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்துவிட்டு, பழைய வடிவமைப்புகளை இப்போதே பிடிஎஃப் கோப்புகளாக மாற்றிச் சேமிக்கத் தொடங்குங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் ஒரு நூலகத்தில் லினக்ஸ் கணினியைப் பயன்படுத்துகிறோம். இந்தக் கேபிள் அதில் வேலை செய்யுமா?
– புதுச்சேரி வாசகர்

பதில்: நன்றாகவே வேலை செய்யும். செருகியவுடன், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் யுஎஸ்பிஎல்பி என்ற மாட்யூல் அதை எடுத்துக்கொண்டு, டெவ் அடைவுக்குள் யுஎஸ்பி என்ற உள்ளடைவில் எல்பி0 என்ற கோப்பை உருவாக்கும். எல்பி குழுவில் சேர்க்கப்பட்ட பயனர், ஒரு வெற்று எழுத்துக் கோப்பை அந்த எல்பி0-க்கு அனுப்பினாலே தாள் நகர வேண்டும். நகர்ந்தால் கேபிளும் பிரிண்டரும் சரி. அதன் பிறகு, லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் அமைப்பில் பிரிண்டரைச் சேர்க்கலாம். தன் பெயரைச் சொல்லாத பழைய பிரிண்டர் கப்ஸின் பட்டியலில் தோன்றாமல் போகக்கூடும். அப்போது கப்ஸ்-ஃபைல்ஸ் அமைப்புக் கோப்பில் ‘ஃபைல்டிவைஸ் யெஸ்’ என்று எழுதி, கப்ஸை மறுபடி தொடங்கி, பிரிண்டரின் முகவரியாக அந்த எல்பி0 கோப்பையே கொடுக்கலாம். நூலகப் பட்டியலைத் தமிழில் அச்சிடுவதானால், ஈரோடு வாசகருக்குச் சொன்னதுபோல இங்கும் படமாக அனுப்பும் டிரைவர் வேண்டும். 9 ஊசி பிரிண்டர்களுக்கான எப்சன் டிரைவர் கப்ஸுடனேயே வருகிறது.